பின்னேற்பு: நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?



வட மாவட்டம் ஒன்றில் தனி ஊராட்சியின் தலைவராக இருக்கும் அக்கா ஒருவர் எங்களிடம் ஒரு நிகழ்வைச் சொன்னார். ஊராட்சியில் ஒரு வடிகால் வேலை நடந்து முடிந்திருக்கிறது. எந்தத் தெருவுக்கு வடிகால், எவ்வளவு செலவு, யாருக்கு வேலை என்று எதுவும் தலைவருக்குத் தெரியாது. வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துத் துணைத்தலைவரின் ஆள் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்.

"பில் நிக்குதும்மா. இதுல ஒரு கையெழுத்த போடு."

"என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணே."

"அதெல்லாம் எப்பவும் எழுதுறதுதான். பின்னேற்பு. நீ போடு."

அவர் "அண்ணே" என்கிறார். வந்தவர் "போடு" என்கிறார். தலைவர் யார், ஆள் யார் என்பதை அந்த இரண்டு சொற்களே சொல்லிவிடுகின்றன. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு எங்களிடம் கேட்டார்: "தம்பி, பின்னேற்புன்னா என்ன? நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்?"

அந்தக் கேள்விக்கான பதிலே இந்தக் கட்டுரை. எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அது அந்த அக்காவின் கேள்வி மட்டுமல்ல. நம் மக்களின் நூறாண்டு வரலாற்றையே அந்த ஒரு சொல்லை வைத்துப் படிக்கலாம். நம் பெயரில் யாரோ ஒன்றைச் செய்வார்கள். செய்து முடித்த பிறகு நம்மிடம் வந்து கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டால் "நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்" என்பார்கள். போடாவிட்டால் "நன்றி கெட்டவர்கள்" என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆங்கிலத்தில் ரேட்டிஃபிகேஷன் என்பதை நம் அரசு அலுவலகங்கள் பின்னேற்பு என்று எழுதுகின்றன. நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கை என்றால் அதையே ஏற்புறுதி என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒருவர் உங்கள் பெயரில், உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு காரியம் செய்கிறார். அது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பின்னால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால், முதல் நாளே நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால் எப்படியோ அப்படியே அது உங்களைக் கட்டுப்படுத்தும். அந்த ஏற்பு பின்னோக்கிப் பாயும். இன்று போடும் கையெழுத்து இரண்டு மாதத்துக்கு முந்தைய நாளைப் போய்த் தொடும். இதுதான் இந்தச் சொல்லின் பலம், இதுதான் ஆபத்தும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஐந்து பிரிவுகளை ஒதுக்கியிருக்கிறது, 196 முதல் 200 வரை. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் பிரிவுகள் இவை. நாம் மறக்கக்கூடாத பிரிவுகளும் இவைதான்.

பிரிவு 196: அனுமதியின்றி உங்கள் பெயரில் செய்யப்பட்டதை ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். தேர்வு உங்களுடையது. மறுப்பது குற்றமல்ல, உரிமை.

பிரிவு 197: ஏற்பு வாய்ச்சொல்லாகவோ எழுத்தாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடத்தையும் போதும். அனுமதியில்லாமல் செய்யப்பட்டது என்று தெரிந்தும் அதன் பலனை எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். நம் மௌனத்தைச் சம்மதமாக மாற்றப் பார்ப்பவர்கள் நுழையும் வாசல் இது.

பிரிவு 198: நடந்தது என்ன என்ற முக்கியமான விவரங்கள் தெரியாமல் ஒருவர் கொடுக்கும் ஏற்பு செல்லாது.

இதை இன்னொரு முறை படியுங்கள். தெரியாமல் கொடுத்த ஏற்பு ஏற்பே அல்ல. "படிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று அக்கா கேட்டபோது அவர் கேட்டது தயவு அல்ல, பிரிவு 198.

பிரிவு 199: ஒரு காரியத்தின் ஒரு பகுதியை ஏற்றால் முழுவதையும் ஏற்றதாகவே பொருள். இனிப்பை எடுத்துக்கொண்டு கசப்பைத் தள்ளிவிட முடியாது.

பிரிவு 200: அனுமதியில்லாத செயலைப் பின்னால் ஏற்பதன் மூலம் மூன்றாவது நபர் ஒருவரின் உரிமையைப் பறிக்க முடியாது.

இவற்றோடு நீதிமன்றங்கள் வகுத்த இரண்டு எல்லைகளும் உண்டு. தொடக்கத்திலேயே செல்லாத ஒன்றைப் பின்னேற்பு உயிர்ப்பிக்காது. குற்றத்தையும் பின்னேற்பு நியாயமாக்காது. போலிக் கையெழுத்தைப் பின்னால் "என்னுடையதுதான்" என்று ஏற்றுக்கொண்டால் போலி உண்மையாகிவிடாது என்று 1871இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவோம்.

ஊராட்சி அலுவலகம்

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நமக்கு நாற்காலியைக் கொடுத்தது. ஆனால் நாற்காலிக்கு ஊர் ஒப்புதல் தரவில்லை. மேலவளவில் முருகேசன் தலைவராக வென்றதற்காகவே 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தலித் தலைவர் ஒருவர் உட்கார்ந்து பணியாற்ற முடியவில்லை. வேட்பாளரை நிறுத்துவதும், வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைப்பதும் அங்கே ஒரு சடங்காகவே நடந்தது. அந்த ராஜினாமாக் கடிதங்களிலும் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்பது போலத்தான் எழுதியிருக்கும். விருப்பம் யாருடையது என்பது ஊருக்கே தெரியும்.

இன்று அந்த வன்முறை பல இடங்களில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. வெட்டுவதில்லை, புத்தகத்தை நீட்டுகிறார்கள். முடிவு வேறு ஒரு வீட்டுத் திண்ணையில் எடுக்கப்படும். பின்னேற்பு மட்டும் நம் வீட்டு வாசலுக்கு வரும். தணிக்கையில் சிக்கல் வந்தால் பொறுப்பும் நம் வாசலுக்கே வரும். வேலை அவர்களுடையது, பில் அவர்களுடையது, வழக்கு மட்டும் நம்முடையது.

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தம் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவதும் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்) கீழ் குற்றம். 2015 திருத்தத்தில் வந்த பிரிவு இது. சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடவில்லை என்றால் மட்டும் இந்தச் சட்டம் நமக்கு நினைவுக்கு வருகிறது. தீர்மானப் புத்தகத்தைப் படிக்க விடாமல் கையெழுத்துக் கேட்பதும் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதுதான்.

கட்டப் பஞ்சாயத்து

அடுத்தது "சமரசம்". நம் பையனை அடித்துவிடுவார்கள். எப்.ஐ.ஆர். ஆவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். அடித்தவன் தரப்பும், "நம்ம காலனி ஆளு" என்று அவர்களே பொறுக்கி எடுத்த ஒருவரும் உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசி முடிப்பார்கள். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் இருப்பான். பேசி முடித்த பிறகு அவன் அம்மாவிடம் வருவார்கள்: "எல்லாம் முடிஞ்சிருச்சு. நீ ரேகை மட்டும் வச்சிடு ஆத்தா."

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. அந்தக் காலனி ஆளுக்கு எங்கள் பெயரில் பேச அதிகாரம் கொடுத்தது யார்? கொடுக்கவில்லை என்றால் அவர் பேசியது எங்களைக் கட்டுப்படுத்தாது. பின்னால் நாங்கள் வைக்கும் ரேகை செல்ல வேண்டும் என்றால், அந்தக் காகிதத்தில் இருப்பது என்ன என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கை விட்டுக்கொடுத்தால் எதை இழக்கிறோம், சட்டப்படி நமக்கு வர வேண்டிய நிவாரணத் தொகை என்ன என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் என்பது நமக்கும் அவனுக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கல் அல்ல. அரசு நடத்த வேண்டிய வழக்கைத் திண்ணையில் உட்கார்ந்து தீர்க்க எந்தப் பெரியவருக்கும் அதிகாரம் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2021இல் ராமாவதார் வழக்கில், தனிப்பட்ட அல்லது சிவில் தன்மை கொண்ட தகராறுகளில் சமரசத்தின் பேரில் வன்கொடுமை வழக்கையும் ரத்து செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு திறந்தது நமக்கு உவப்பானதல்ல. ஆனால் அதே தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர் தம் சொந்த விருப்பத்தில்தான் ஒப்புக்கொண்டாரா என்று கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும், கட்டாயத்தின் சாயல் தெரிந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நிவாரணம் கூடாது என்றும் சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பாதியை மட்டும் படிப்பார். இரண்டாம் பாதியை நாம்தான் படித்துக்காட்ட வேண்டும். பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு நடவடிக்கையிலும், ஜாமீன் விசாரணை உட்பட, தகவல் பெறும் உரிமையையும் தன் தரப்பைச் சொல்லும் உரிமையையும் தருகிறது. தகவல் தராமல் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று அழைப்பதை அந்தப் பிரிவு இருக்கும்வரை நாம் அனுமதிக்கக் கூடாது.

பஞ்சமி நிலம்

1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சி அது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலத்துக்கு அந்த ஆணைதான் தாய்ப்பத்திரம். பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது.

அப்படியிருந்தும் அந்த நிலங்களில் இன்று பண்ணைகளும் ஆலைகளும் குடியிருப்பு மனைகளும் இருக்கின்றன. கேட்டால் பத்திரம் காட்டுகிறார்கள், பட்டா காட்டுகிறார்கள், வரி கட்டிய ரசீது காட்டுகிறார்கள். "உங்க தாத்தாவே ரேகை வச்சுக் கொடுத்ததுதானே" என்கிறார்கள். மூன்று மூட்டை நெல் கடனுக்கு வைத்த ரேகையாக இருக்கும், சாராயத்துக்கு வைத்த ரேகையாக இருக்கும், ஒரு கல்யாணச் செலவுக்கு வைத்த ரேகையாகவும் இருக்கும். எதுவாக இருந்தாலும் விஷயம் அதுவல்ல. விற்கவே முடியாத ஒன்றை விற்றதாக எழுதிய பத்திரம் பிறந்தபோதே செத்தது. செத்ததைப் பின்னேற்பு எழுப்பாது. ஐம்பது ஆண்டு வரி ரசீதும் எழுப்பாது. வருவாய்த் துறை அதிகாரி கொடுத்த பட்டாவும் எழுப்பாது. ஒரு அதிகாரியின் கையெழுத்து, மூன்றாவது நபராக வெளியே நிற்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையை அழித்துவிட முடியாது.

இப்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் திறந்து பாருங்கள். பிரிவு 3(1)(எஃப்), (ஜி) இரண்டும் நம் நிலத்தை முறைகேடாகப் பிடிப்பதையும் நம்மை வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. "முறைகேடாக" என்றால் என்ன என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. விருப்பத்துக்கு எதிராக, சம்மதம் இல்லாமல் என்பவற்றோடு நிற்கவில்லை. சாவு பயமோ அடி பயமோ காட்டிச் சம்மதம் வாங்கியிருந்தாலும் முறைகேடுதான், ஆவணத்தைப் புனைந்திருந்தாலும் முறைகேடுதான். நம் மக்களின் சம்மதம் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பது நாடாளுமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நூறாண்டு பத்திரங்களுக்குப் பின்னேற்பு தர மறுத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

எரவாடா சிறை

இனி பெரிய கையெழுத்துக்கு வருவோம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்வு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியையும் இரட்டை வாக்குரிமையையும் கொடுத்தது. செப்டம்பர் 20 அன்று காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் தரப்பில் அம்பேத்கரும், நம் சென்னை மாகாணத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். உண்ணாவிரதம் இருந்த காந்தி அதில் கையெழுத்திடவில்லை. மறுநாள் பம்பாயில் கூடிய இந்துத் தலைவர்களின் மாநாடு ஒப்பந்தத்துக்கு ஏற்புறுதி அளித்தது. 26 அன்று பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. மாநாட்டின் ஏற்புறுதியும் இருந்தது, அரசின் ஏற்புறுதியும் இருந்தது. யார் உரிமை பறிபோனதோ அந்த மக்களின் ஏற்புறுதியை யாராவது கேட்டார்களா?

"அம்பேத்கரே கையெழுத்துப் போட்டாரே" என்று கல்லூரி விவாதங்களில் இன்றும் கேட்கிறார்கள். இடங்கள் 148 ஆக உயர்ந்ததே என்றும் சொல்கிறார்கள். உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த 148 பேரையும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் வாக்கு பெரும்பான்மைச் சாதிகளின் கைக்குப் போனதும் உண்மைதான்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லுங்கள். 1917இல், பூனா ஒப்பந்தத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அம்மிராஜு எதிர் சேஷம்மா. ஒருவர் தன் மனைவியையும் மகனையும், "சொத்தை என் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன்" என்று மிரட்டி எழுதி வாங்கிவிட்டார். தற்கொலை மிரட்டல் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 15 சொல்லும் பலவந்தமே என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. ஒரு குடும்பத்துக்குள் நடந்த மிரட்டலே பலவந்தம் என்றால், ஒரு நாடே விரல் நீட்டிக்கொண்டிருக்க, காந்தி செத்தால் சேரிகள் எரியும் என்ற அச்சம் தலைக்கு மேல் தொங்க, பேனாவை நீட்டியதற்கு என்ன பெயர்?

அரசியல் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒப்பந்தம் அல்ல என்பது நமக்குத் தெரியும். அளவுகோலாகத்தான் சொல்கிறோம். அந்த அளவுகோலின்படி, பலவந்தத்தில் போட்ட கையெழுத்தைப் பலவந்தம் நீங்கிய பிறகு மனமுவந்து ஏற்றுக்கொண்டிருந்தால் அது உறுதியாகிவிடும். அப்படி ஏற்றுக்கொண்டாரா அம்பேத்கர்? 1942இல் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்டது. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று ஒரு முழு நூலையே எழுதினார். 1947இல் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கையில் அதே கோரிக்கையை அரசியல் நிர்ணய சபைக்கு முன் வைத்தார். பேனா ஒருமுறை பணிந்தது, பின்னேற்பு ஒருபோதும் வழங்கப்படவில்லை. அடுத்த முறை விவாதத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஜெனீவா

நம்மிடம் பின்னேற்பைப் பிடுங்கும் அதே அரசு, உலகத்துக்குக் கொடுத்த ஏற்புறுதியை எப்படி நடத்துகிறது?

உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திடுவது ஒன்று, ஏற்புறுதி அளிப்பது வேறொன்று, நடைமுறைப்படுத்துவது மூன்றாவது. கையெழுத்து நல்லெண்ணத்தைக் காட்டுகிறது. ஏற்புறுதிதான் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டில் ஏற்புறுதி அளித்த பிறகும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் பொதுவாக அது நீதிமன்றத்தில் நேராகச் செல்லும். அரசியல் சட்டத்தின் 253ஆவது உறுப்பு அதற்கான அதிகாரத்தைத் தருகிறது. சட்டம் இல்லாத இடத்தில், ஏற்புறுதி அளித்த உடன்படிக்கையை வைத்து நீதிமன்றம் இடைவெளியை நிரப்பலாம் என்பதை 1997இல் விசாகா தீர்ப்பு காட்டியது. பன்வாரி தேவி என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த வழக்கு அது.

இந்த மூன்று படிகளிலும் நம்மை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி இல்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா சட்டமாகவே இல்லை. 2017இல் சட்ட ஆணையம் ஏற்புறுதி அளிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. காவல் நிலையத்தில் அடி வாங்கிச் சாகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 1954இல் ஏற்புறுதி அளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 23ஆவது உறுப்பும் கையில் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் வந்தது 1975இல்தான். 21 ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பண்ணையிலும் சூளையிலும் பிறந்து வளர்ந்து அங்கேயே உழைக்கப் போதுமான காலம்.

எல்லாவற்றிலும் பெரிய மோசடி இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் நடக்கிறது. இந்தியா 1968 டிசம்பர் 3 அன்று அதற்கு ஏற்புறுதி அளித்தது. அதன் முதல் உறுப்பு இனப் பாகுபாட்டின் அடிப்படைகளை அடுக்குகிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம். அதில் "வம்சாவளி" என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா? வரைவு விவாதத்தில் அதை முன்மொழிந்ததே இந்தியாதான். சொல்லைக் கொடுத்தவர்கள் இவர்கள், ஏற்புறுதி அளித்தவர்கள் இவர்கள். 1996இல் ஐ.நா. குழுவின் முன் போய் நின்று, "சாதி வம்சாவளிக்குள் வராது" என்றவர்களும் இவர்களே. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் தடுத்தார்கள். 2002இல் அந்த உடன்படிக்கையின் குழு, தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில், வம்சாவளி என்பது சாதி போன்ற முறைகளையும் உள்ளடக்கும் என்று தெளிவாக எழுதியது. 2006 டிசம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமைக்கு இணையாகச் சொல்லத்தக்கது தென்னாப்பிரிக்க நிறவெறிதான் என்று டெல்லியில் பேசினார். இரண்டே மாதத்தில் அவருடைய அரசின் தூதுக்குழு ஜெனீவாவில் பழைய பல்லவியைப் பாடியது. கட்சிகள் மாறின, பல்லவி மாறவில்லை.

சாதி வேறு, இனம் வேறு என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். வேறுதான். அம்பேத்கரே சாதியை இனம் என்று ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. உடன்படிக்கை இனத்தை மட்டும் சொல்லவில்லை, வம்சாவளியையும் தனியாகச் சொல்கிறது. பிறப்பால் வருவது, பெற்றோரிடமிருந்து வருவது, மாற்ற முடியாதது: இது சாதி இல்லை என்றால் வேறு எது?

ஒரு நாட்டுக்கு ஏதாவது ஒரு பகுதி ஒத்துவரவில்லை என்றால் ஏற்புறுதி அளிக்கும்போதே "இது மட்டும் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று விலக்கு எழுதிவைக்க வழி இருக்கிறது. அந்த விலக்குக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ரிசர்வேஷன். ஆமாம், நமக்கு இடஒதுக்கீடு என்று தெரிந்த அதே சொல். தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவது பற்றிய 22ஆவது உறுப்புக்கு இந்தியா விலக்கு எழுதிவைத்தது. "வம்சாவளி"க்கு எழுதவில்லை. எங்கள் ரிசர்வேஷனைப் பார்த்து முகம் சுளிக்கும் கனவான்களே, உங்களுக்கு வேண்டிய ரிசர்வேஷனை நீங்கள் 1968இலேயே கேட்டு வாங்கியிருக்கலாமே. வாங்கவில்லை. ஒரு பகுதியை ஏற்றவர் முழுவதையும் ஏற்றவர் என்று ஒரு சாதாரணக் கடைக்காரருக்கு விதி சொல்லும் சட்டம் உங்களுடையது. அந்த விதி அரசுக்குப் பொருந்தாதா?

என்ன செய்யப் போகிறோம்?

திண்ணையிலிருந்து ஜெனீவா வரை விதி ஒன்றுதான். நாம் ஏற்காதது ஏற்றதாக எழுதப்படுகிறது. அவர்கள் ஏற்றது ஏற்காததாகப் பேசப்படுகிறது. இதைத் திருப்பிப்போடுவதுதான் நம் வேலை.

மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் எதிலும் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது என்ற நிலையை உருவாக்குங்கள். காகிதம் நீட்டப்பட்டால் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். என் பெயரில் இதைச் செய்ய உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? நடந்தது முழுவதையும் எனக்குச் சொன்னாயா? இதை ஏற்றால் வேறு எதையெல்லாம் ஏற்றதாக ஆகும்? இது சட்டப்படி செய்யவே முடியாத காரியமா? பதில் வராவிட்டால் கையெழுத்தும் வரக் கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால், விவரம் தெரிந்த அன்றே மறுப்பை எழுத்தில் கொடுங்கள், விரைவுத் தபாலில் அனுப்புங்கள், அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பிரிவு 197 அவர்கள் பக்கம் பேசத் தொடங்கிவிடும்.

அந்த அக்கா அதைத்தான் செய்தார். விவரம் தெரியாமல் பெறப்பட்ட கையெழுத்து என்று எழுதி, நகல்களைக் கேட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனுக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. துணைத்தலைவர் வீட்டில் கோபமாக இருக்கிறார்கள் என்று கேள்வி. ஊருக்குள் அவரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். எதுவும் முடிந்துவிடவில்லை, இனிமேல்தான் தொடங்கும். அவர் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும், சட்டம் தெரிந்த ஆளும் வேண்டும், சும்மா கூட வந்து உட்காரும் ஆளும் வேண்டும்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. போன வாரம் மறுபடி தீர்மானப் புத்தகம் வந்தபோது அக்கா அதைக் கையில் வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கொண்டுவந்த ஆள் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

நிற்கட்டும். நாம் நூறாண்டுகளாக நிற்கிறோம்.

ஜெய்பீம்.